பதினாறு துண்டு வெளிச்சம்

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன் கோயிலில் என் பெயரை ஐந்து முறை வாசித்தார்கள். மற்ற மாப்பிள்ளைகளுக்கு மூன்று முறை போதும். எங்கள் கத்தோலிக்க வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன்பு தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில் சாமியார் 'ஓலை' வாசிப்பார். இன்னாருடைய மகன் இன்னாருடைய மகளைக் கட்டப்போகிறான், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று அறிவிப்பார். (யாரும் வந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடம் எல்லா மாப்பிள்ளைகளும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.)

மலேசியாவில் எங்கள் ஈப்போ வட்டாரத்திலேயே ஐந்து ஓலை கண்ட ஒரே மாப்பிள்ளை நான்தான் என்று என் மனைவி பிலோமினா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறாள். கூடுதலாக வந்த அந்த இரண்டு ஓலைக்கும் காரணம் வேறொரு பெண்ணல்ல, குடியல்ல, சூதாட்டமல்ல. எண்பது மீட்டர் நீளமுள்ள ஒரு கேபிள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ரப்பர் குழாயும் காலடிப் பாயும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொழிற்பள்ளிச் சான்றிதழ் ஒன்று, சட்டைப் பையில் குத்திய டெஸ்டர் ஒன்று, இடுப்பில் தொங்கும் மீட்டர் ஒன்று. இந்த மூன்றும் இருந்ததால் மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரி நடந்துகொள்வேன். புந்தோங்கில் நாங்கள் குடியிருந்த வரிசையில் யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போவேன், மீட்டரை வைப்பேன். முள் அசைந்தால் உயிர் இருக்கிறது, அசையாவிட்டால் செத்துவிட்டது. இதற்கு மேல் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒன்றுமில்லை என்பது என் முடிவு.

கருவிப் பெட்டியில் இன்னொரு சாமானும் இருந்தது. அப்பா மரம் சீவிய கத்தி. தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர் அவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு குடும்பத்தோடு புந்தோங்குக்கு வந்தோம். உள்கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் தாள் கனத்துக்கு எடுக்கிற கத்தி அது. கேபிளின் மேல்தோலை உரிக்க அதற்கு இணையான கருவி எந்தக் கடையிலும் கிடையாது. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "கத்தி எப்படிடா வேலை செய்யுது?" என்பதுதான். நான் எப்படி வேலை செய்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அலுவலக மாடியில் ஒரு குளிர் அறையில் இருந்தது. ரப்பர் பிசைகிற பெரிய மிக்சர் எதிரே மில் கட்டடத்தில் இருந்தது. அடுத்த கலவைக்கு ரப்பர் எவ்வளவு, கரித்தூள் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் மேலேயிருந்து சொல்லும். மில்லில் இருந்த திரையில் அது எழுத்தாக வரும். ஆட்கள் பார்த்து நிறுத்துப் போடுவார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஓடியது ஒரு செம்புக் கேபிள். மிக்சர் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேபிள் மோட்டாரின் கூச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரையில் உளறும். மேலே ஒழுங்காகப் புறப்பட்ட எண் கீழே வரும்போது கேள்விக்குறியும் நட்சத்திரக்குறியுமாக வந்து நிற்கும். ஈப்போ இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். மத்தியானம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால், கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள எலக்ட்ரானிக் அட்டைகளில் ஏதோ ஒன்றுக்கு அன்று கடைசி நாள்.

எங்கள் தலைமை இன்ஜினியர் லியோங். அளந்து பேசுகிற மனிதர். ஒருநாள் எல்லோரையும் கூட்டி, செம்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழைக் கேபிள் போடப்போகிறோம் என்றார். செம்புக்குள் மின்சாரம் ஓடுகிறவரை பக்கத்து மோட்டாரும் வானத்து இடியும் அதில் மூக்கை நுழைக்கத்தான் செய்யும். கண்ணாடிக்குள் வெளிச்சம் ஓடினால் மோட்டார் என்ன கத்தினாலும் அதற்குக் காது கேட்காது. இரண்டு கட்டடத்து எர்த்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போடுகிற சண்டையும் தீரும் என்று விளக்கினார். நல்ல விளக்கம். என்னைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

நான் எழுந்தேன். செம்புக் கட்சியின் தலைவர், செயலாளர், ஒரே உறுப்பினர் எல்லாம் நான்தான்.

"பாஸ், செம்புன்னா தொட்டுப் பாக்கலாம், முறுக்கிச் சேக்கலாம், டேப் சுத்தலாம். கண்ணாடிய வச்சு என்ன பண்றது? நல்ல எர்த் போட்டா செம்பே போதும்லா!" (நான் பேசியது உடைந்த ஆங்கிலமும் மலாயும். இங்கே தமிழில் கொஞ்சம் கம்பீரமாக்கிக்கொள்கிறேன்.)

மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அறைப் பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அப்ப போன மாசம் மூணு அட்டை கருகினது எர்த் நல்லா இருந்ததனாலயா?"

அறை சிரித்தது. லியோங்கூடச் சிரித்தார். அந்தப் பெண்தான் பிலோமினா. எனக்கு நிச்சயமாகியிருந்த பெண்.

அவளுடைய அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்த காலத்தில் காய்ச்சலிலிருந்து பிரசவம்வரை பார்த்தவர். அதனால் எல்லோரையும் நோயாளியாகவே பார்ப்பார். என்னையும் அப்படித்தான் பார்த்தார். "ஐஞ்சு மாச வேலைய நம்பி எப்படிப் பொண்ணு குடுக்கிறது? மொத ரெண்டு ஓலைய வாசிக்கட்டும். வேலை கன்ஃபர்ம் ஆன லெட்டர் என் கையில வந்தாத்தான் மூணாவது ஓலை" என்று சொல்லிவிட்டார். லியோங்கும் வாக்குக் கொடுத்திருந்தார்: புதிய இணைப்பை நான் போட வேண்டும், அது ஓடுகிற அன்றே என் கன்ஃபர்மேஷன் கடிதத்தில் கையெழுத்து. ஆக, என் கல்யாணம் அந்தக் கேபிளில் தொங்கியது. ஜனவரியில் கல்யாணம், டிசம்பரில் கேபிள்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் சாமியார் என் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார். அது வராமல் இரண்டாவது ஓலை கிடையாதாம். நான் ஞானஸ்நானம் பெற்றது தாப்பாவில். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அதே செவ்வாய்க்கிழமைதான் கேபிளை எப்படிக் கையாள வேண்டும் என்று சப்ளையர் ஆள் வந்து பாடம் நடத்தினார். முதல்நாளே பிலோமினா, "நாளைக்கு கிளாஸ் இருக்கு, புதன்கிழமை போங்களேன்" என்றாள். "கேபிள்னா கேபிள்தான். இதுல கிளாஸ் என்ன கிளாஸ்" என்றேன் நான். வகுப்புக்குப் போன அவள், எனக்கென்று கொடுத்த விளக்கப் புத்தகத்தை வாங்கி வைத்திருந்தாள். தடிமனான புத்தகம். அதை நாற்காலியில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், உயரம் சரியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் மில் ஓய்ந்த பிறகு ஸ்டோர் கிடங்கின் சிமெண்ட் தரையில் கேபிளை விரித்தோம். கூட இருந்தவர் ஸ்டோர் கீப்பர் முனியாண்டி அண்ணே. நல்ல மனிதர். சொன்னதைச் செய்வார், செய்யும்போது வாயை மட்டும் மூடமாட்டார். கேபிளைக் குழாய்க்குள் இழுப்பதற்கு முன்பு சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது வயரிங் தெரிந்தவனுக்கு வேதம். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். என் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த காரியங்கள்தான் பெரும்பாலும் என்னைக் கவிழ்த்திருக்கின்றன.

அப்பாவின் கத்தியால் இரண்டு முனையையும் உரித்தேன். உள்ளே மஞ்சள் நூல் கற்றை, அதற்குள் தலைமுடி கனத்தில் இரண்டு இழை. ஒரு முனையில் முனியாண்டி அண்ணே இரண்டு இழையையும் குறட்டால் சேர்த்து அழுத்திப் பிடித்தார். மறுமுனையில் நான் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்: கண்ணாடி என்று தெரிந்தும் மீட்டரை ஏனய்யா வைத்தாய்? நியாயமான கேள்வி. என் மூளை அன்று இப்படி வேலை செய்தது: வெளிச்சம் போகிறதென்றால் எங்கோ ஒரு விளக்கு எரிய வேண்டும். கரண்ட் இல்லாமல் எரிகிற விளக்கு உலகத்தில் உண்டா? ஆகவே வெளிச்சத்தோடு சேர்ந்து கரண்டும் போயே தீர வேண்டும். எவ்வளவு தெளிவு பாருங்கள். இதற்குப் பின்னால் இன்னொரு உண்மையும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் செத்திருந்தால் எனக்குச் சந்தோஷம். கல்யாணமே அதில் தொங்குகிறது என்பதுகூட மறந்துவிட்டது. என்னைப் பார்த்து எல்லோரையும் பிலோமினா சிரிக்க வைத்த அந்தக் கூட்டத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, நல்லா அழுத்திப் புடிச்சிருக்கீங்களா?"

"இதுக்கு மேல அழுத்தினா என் விரலு அறுந்துரும்டா!"

"அப்ப கேபிள் செத்துப்போச்சுண்ணே. வரும்போதே செத்து வந்திருக்கு."

உடனே வேலைப் பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். சிவப்பு மையில் எழுதினேன்: 'கேபிள் வந்தபோதே பழுது. உள்ளே அறுந்துள்ளது. செம்பு போடுவதே நல்லது.' கீழே கையெழுத்து, பெயர், நேரம். (பக்க எண் அச்சடித்த புத்தகம் அது. கிழிக்க முடியாது. பின்னால் இந்தத் தகவல் தேவைப்படும்.)

அத்தோடு விட்டிருந்தால் மூன்று ஓலையில் தப்பித்திருப்பேன். ஆனால் எங்கே அறுந்திருக்கிறது என்று லியோங் கேட்பாரே. தொழிற்பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை இருக்கிறது: நடுவில் வெட்டு, இரண்டு பாதியையும் சோதி, எது செத்ததோ அதை மறுபடி நடுவில் வெட்டு. நடுவில் வெட்டினேன். இரண்டு பாதியும் செத்திருந்தன. அப்படியென்றால் இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. இரண்டையும் நடுவில் வெட்டினேன். நாலும் செத்திருந்தன. நாலு எட்டானபோது முனியாண்டி அண்ணேயே கொஞ்சம் யோசித்தார்.

"எட்டு எடத்துலயா அறுந்திருக்கு? கப்பல்ல எலி கடிச்சிருக்குமோ?"

"சப்ளையர் ஏமாத்திட்டான்ணே. உள்ள வயரே சரியில்ல, தொட்டா ஒடியுது."

எட்டைப் பதினாறாக்கினேன். ஐந்து மீட்டர் ஐந்து மீட்டராகப் பதினாறு துண்டு, அளவெடுத்த மாதிரி. பதினாறும் செத்திருந்தன. முனியாண்டி அண்ணே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "பதினாறும் பெத்து நல்லா இருன்னு கல்யாணத்தன்னிக்குத்தான்டா வாழ்த்துவாங்க. நீ கல்யாணத்துக்கு முன்னாடியே பெத்துட்ட" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அவ்வளவு திருப்தி.

அந்த நேரத்தில்தான் பிலோமினா ஒரு பொட்டலம் கறிபாப் பலகாரத்தோடு உள்ளே வந்தாள். மாடியில் கம்ப்யூட்டர் காத்திருக்கிறது, இன்னும் ஏன் கேபிள் வரவில்லை என்று பார்க்க வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள், என் கையிலிருந்த வெட்டுக் குறட்டைப் பார்த்தாள்.

"என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"நான் அன்னிக்கே சொன்னேன்ல. பாரு, உன் கண்ணாடி கேபிள் பதினாறு எடத்துல செத்துக் கெடக்கு."

அவள் பொட்டலத்தை முனியாண்டி அண்ணேயிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். ஒரு முனையை வாசல் வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். மறுமுனையைக் கிடங்கின் இருட்டுப் பக்கம் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கருப்புத் தோலுக்கு நடுவே இரண்டு சின்னப் புள்ளி பளிச்சென்று எரிந்தது. வாசல் பக்க முனையை அவள் கட்டைவிரலால் மூடினாள், அணைந்தது. விரலை எடுத்தாள், எரிந்தது.

முனியாண்டி அண்ணே கறிபாப்பை வாயில் வைத்தபடியே, "அலாமா, லைட் எரியுதேடா" என்றார்.

அவள் இரண்டாவது துண்டை எடுத்தாள். எரிந்தது. மூன்றாவது, நான்காவது. அவசரமே படாமல் பதினாறையும் எடுத்துப் பிடித்துக் காட்டினாள். ஆறாவது துண்டிலேயே எனக்குப் போதும் என்றிருந்தது. எல்லாத் துண்டும் உயிரோடு இருந்தது. காலையில் முழுசாக உயிரோடு இருந்த ஒன்றை நான்தான் முறைப்படி, பள்ளிக்கூடத்தில் படித்தபடி, அளவெடுத்து வெட்டியிருக்கிறேன்.

முதலில் தெளிந்தவர் முனியாண்டி அண்ணேதான். "இப்ப என்ன? யாருக்குத் தெரியும்? ரெண்டு செங்கல்லக் கட்டி ஈயக்குட்டையில போட்டுட்டா ஹாபிஸ், கதை முடிஞ்சுச்சு. கேபிள் செத்து வந்துச்சுன்னு புக்குலயே எழுதியாச்சுல்ல?" ஜெலாப்பாங் சுற்றுவட்டாரத்தில் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. சிவப்பு மையில் நான் எழுதியது அப்படியே நிற்கும், பழி சப்ளையர் தலையில் விழும், கடிதம் வரும், மூன்றாவது ஓலை வரும்.

பிலோமினாவைப் பார்த்தேன்.

"நீங்க சொல்லலன்னா நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். "ஆனா நாளைக்கு ரெண்டாவது ஓலை. தடை ஏதாச்சும் தெரியுமான்னு சாமியார் கேப்பாரு. எனக்குத் தெரியுமே, நான் என்ன செய்யட்டும்?"

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா வழக்கம்போலக் கேட்டார், "கத்தி எப்படிடா வேலை செஞ்சுச்சு?" "ரொம்ப நல்லா வெட்டுச்சுப்பா" என்றேன். "பின்ன?" என்று அவர் சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் பூசையில் சாமியார் எங்கள் பெயரை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று சொல்லி நிறுத்தினார். வழக்கத்தைவிட நீளமாக நிறுத்திய மாதிரி இருந்தது. நான் செருப்பைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்கம் பார்த்தேன். பிலோமினா நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் முன் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. எழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் எழவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பதினாறு துண்டையும் சுருட்டி ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு லியோங் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மை எழுத்துக்குக் கீழே, 'மேலே எழுதியது தவறு. கேபிள் நன்றாக இருந்தது. வெட்டியவன் நான்' என்று எழுதியதையும் காட்டினேன். அவர் மேசை டிராயரிலிருந்து டார்ச்சை எடுத்து ஒரு துண்டில் அடித்துப் பார்த்தார். எரிந்தது. டார்ச்சை அணைத்தார்.

"சேவியர், நீ முட்டாளா, பிடிவாதக்காரனா?"

"ரெண்டும்தான் பாஸ்."

"முட்டாள்னா அனுப்பிடுவேன். பிடிவாதத்துக்கு மருந்து இருக்கு." கையை நீட்டினார். எதற்கு என்று புரியவில்லை. "மீட்டரைக் குடு" என்றார். கழற்றிக் கொடுத்தேன். அதை டிராயரில் வைத்துப் பூட்டினார். புதுக் கேபிள் கப்பலில் வர மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை என் சோதனைக்காலம் நீட்டிக்கப்படும். அதுவரை செம்பு உளறும் ஒவ்வொரு தடவையும் மில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாடிக்குப் போன் பண்ணி, சரியான எண்ணைக் கேட்டுக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியது நான்தான். செம்புக் கட்சித் தலைவருக்குச் செம்பையே காவல் காக்கும் வேலை.

நீட்டிப்புக் கடிதத்தை டிரஸ்ஸரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். என்ன நடந்தது என்று கேட்டார். செம்பு, கண்ணாடி, வெளிச்சம், மீட்டர் எல்லாம் சொன்னேன். பிலோமினா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப, உயிரோட இருந்தவனுக்கு நாடி பாக்கத் தெரியாம டெத் சர்டிபிகேட் எழுதிட்ட" என்றார்.

"ஆமாங்கய்யா."

"எத்தன துண்டு?"

"பதினாறு."

"போஸ்ட்மார்ட்டமும் நீயே பண்ணிட்ட." கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "மூணாவது ஓலை இப்ப கெடையாது. போ, மொதல்ல நாடி பாக்கக் கத்துக்க."

அந்த ஞாயிறு சாமியார் ஓலை வாசிக்கவில்லை. இரண்டு வாரம் கேட்ட பெயர் மூன்றாவது வாரம் காணாமல் போனால் ஊர் சும்மா இருக்குமா? எனக்குத் தாப்பாவில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். (செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் என்னைப் பார்த்தவர்கள் சாட்சி.) எனக்குக் காக்காவலிப்பு என்றார்கள். பெண்ணுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டு நானே ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

கோணிப்பையை லியோங் என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். "வச்சுக்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அதை பிலோமினா வாங்கிக்கொண்டு போனாள். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனால், கோயில் குடிலில் மாட்டுக் கொட்டகைக்கு மேலே கருப்புத் துணி, அதில் முப்பத்திரண்டு நட்சத்திரம். துண்டுக்கு இரண்டு இழை, பின்னால் ஒரே ஒரு பல்பு. ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. சாமியார் மகிழ்ந்துபோய், "இந்த அழகான நட்சத்திரங்களைத் தந்த சேவியர் தம்பிக்கு நன்றி" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். எனக்கு முன்வரிசையில் இருந்த டிரஸ்ஸர் திரும்பிப் பார்த்து, பத்துப் பேருக்குக் கேட்கிற ரகசியக் குரலில், "உயிரோட இருக்குன்னு இப்பத் தெரியுதா?" என்றார்.

செம்பைக் காவல் காத்த மூன்று மாதம் எனக்கு நல்ல பாடம். மோட்டார் கிளம்பும், திரை உளறும், போனை எடுப்பேன், மேலே பிலோமினா எண் சொல்வாள். ஒருநாள் நான் டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் 'கந்தகம் 2.2' என்று வந்ததில் புள்ளியை மோட்டார் தின்றுவிட்டது. புது ஆள் ஒருவர் இருபத்திரண்டு கிலோ கந்தகத்தை நம்பிக்கையோடு கொட்டிவிட்டார். ரப்பரில் கந்தகம் கூடினால் இறுகிக் கட்டையாகிவிடும். பாய்கள் எல்லாம் பலகையாக வந்தன. முனியாண்டி அண்ணே தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கவென்று ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். நன்றாக உடைந்ததாம். அன்றைக்குத்தான் நான் செம்புக் கட்சியைக் கலைத்தேன்.

விளக்கப் புத்தகத்தை நாற்காலியிலிருந்து எடுத்துப் படித்தேன். புரியாததை பிலோமினாவிடம் போனில் கேட்டேன். கண்ணாடி முனையைத் தேய்த்து மெருகேற்றக் கற்றுக்கொண்டேன். மார்ச்சில் புதுக் கேபிள் வந்தது. இழுத்தேன், முனைகளைத் தேய்த்தேன். மில் பக்கம் நான் டார்ச்சோடு நின்றேன். மாடியில் மறுமுனையை பிலோமினா பிடித்திருந்தாள். போனை எடுத்தேன்.

"தெரியுதா?"

டார்ச்சை இழை முனைக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

"பிலோ, தெரியுதா இல்லையா?"

"தெரியுது" என்றாள். குரல் ஒருமாதிரி இருந்தது. நான் டார்ச்சை அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன். "அணைஞ்சிருச்சு. எரியுது. அணைஞ்சிருச்சு. போதும்லா, மூணு மாசம் காத்திருந்தது இதுக்குத்தானா?" என்று சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த முனியாண்டி அண்ணேயிடம் கண்ணில் கரித்தூள் என்றேன்.

இணைப்பைக் கொடுத்தோம். லியோங் வந்து நின்றுகொண்டு மிக்சரைக் கிளப்பச் சொன்னார். மோட்டார் உறுமியது, தரை அதிர்ந்தது. திரையில் ஒரு எழுத்துகூட அசையவில்லை. அன்று சாயங்காலமே கடிதம் கைக்கு வந்தது. மீட்டரும் வந்தது. டிரஸ்ஸர் கடிதத்தைப் படித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "இருக்கு" என்றார்.

சாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓலை என்றால் தொடர்ந்து மூன்று ஞாயிறு; பழைய இரண்டும் செல்லாது, முதலிலிருந்துதான் என்றார். ஈஸ்டருக்குப் பிறகு மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் ஐந்து. கடைசி ஓலைக்குப் பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் யாரோ, "அஞ்சு ஓலை மாப்பிள்ளை வாராரு, வழி விடுங்க" என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. என் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தபோதும் 'அஞ்சு ஓலை வீட்டுப் பிள்ளைகள்' என்றுதான் புந்தோங்கில் அடையாளம்.

கோயிலில் புதுக் குடில் செய்தபோது அந்த நட்சத்திரத் துணி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வருஷா வருஷம் டிசம்பரில் பெட்டியிலிருந்து இறக்கி மாட்டுகிறோம். போன வருஷம் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்தபோது பல்பைப் போட்டோம். முப்பத்தொன்றுதான் எரிந்தது. மூலையில் ஒன்று இருட்டாக இருந்தது.

"அது செத்துப்போச்சு, வெட்டித் தூக்கிப் போட்டுடலாம்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

பெரியவர் சிறியவர் அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?"

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் பிலோமினா துணிக்குப் பின்னால் போனாள். அந்த இழையின் முனையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பல்புக்கு நேராகத் திருப்பி வைத்தாள். மூலையில் புள்ளி எரிந்தது.

"நாடி இருக்கு" என்றாள்.